ஆசிரியர் சம்பளம் நமக்கும் பிரச்சினைதான்

(இலங்கைத்துறைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1997 முதல் தொடரும் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி ஆசிரியர்களும் அதிபர்களும் 2021இல் மாதக்கணக்கில் போராடினார்கள். சுபோதினி குழு பரிந்துரைத்த உயர்வில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது. மீதியைக் கேட்டு 2024 ஜூன் 26 அன்று சுகயீன விடுமுறையில் இறங்கினார்கள். பணமில்லை என்றது அரசாங்கம்.

2022இல் நாடு வங்குரோத்தானது உண்மை. ஆனால் பற்றாக்குறையை எப்போதும் உழைப்பவர் சம்பளத்திலா ஈடுகட்டுவது? நாம் 1,000 ரூபாய் நாட்சம்பளம் கேட்டபோது தோட்டக் கம்பனிகளும் இதே பல்லவியைத்தான் பாடின.

தோட்டப் பாடசாலைகளுக்கு உதவி ஆசிரியர்களாகப் போன நம் பிள்ளைகளுக்கு ஆரம்பத்தில் மாதம் 6,000 ரூபாய்தான் கொடுத்தார்கள். அந்தக் காசில் எந்த ஆசிரியர் நிலைத்திருப்பார்? அவர் போனால் நட்டம் நம் பிள்ளைகளுக்கே. டியூஷனுக்கு அனுப்ப நம்மிடம் ஏது வசதி?

ஆசிரியர் ஊர்வலம் வந்தால் ஓரமாக நின்று பார்க்காதீர்கள், கூடவே நடங்கள்.