எண்ணிக்கையும் எடையும்



நம் கெலுகோர் மிண்டென் வளாகத்தில், 1969ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருப்பதை அறிவீர்கள். அங்கே ஆராய்ச்சி செய்கிறவர்களின் உழைப்பை எப்படி அளப்பார்கள் என்று நம் பிள்ளைகள் கேட்பதுண்டு. அதைப் பற்றித்தான் இன்று சிறிது சிந்திக்கப் போகிறோம்.

ஓர் ஆராய்ச்சியாளர் தாம் கண்டதை ஆய்விதழில் கட்டுரையாக எழுதுகிறார். பின்னால் வருபவர் அதைப் பயன்படுத்தினால், தம் கட்டுரையின் இறுதியில் முன்னவர் பெயரைக் குறிப்பிடுவார். இதற்கு மேற்கோள் என்று பெயர். யூஜின் கார்ஃபீல்டு என்ற அமெரிக்கர் 1964இல் இம்மேற்கோள்களைத் திரட்டிப் பெரிய அட்டவணையாக வெளியிட்டார். அதன்பின், ஒருவர் எத்தனை கட்டுரை எழுதினார் என்பதோடு, அவற்றை எத்தனை பேர் எடுத்தாண்டார்கள் என்பதையும் எண்ண முடிந்தது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். எத்தனை மரம் வெட்டினோம் என்பது ஒரு கணக்கு. எவ்வளவு பால் வந்தது என்பது வேறு கணக்கு. அந்தப் பாலில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்பதோ மூன்றாவது கணக்கு. தண்ணீர் கலந்தால் பாலின் எடை கூடும், ரப்பர் கூடாது. தம் கட்டுரையைத் தாமே மேற்கோள் காட்டிக்கொள்வதும், நண்பர்கள் ஒருவரையொருவர் காட்டிக்கொள்வதும் அந்தத் தண்ணீர் போன்றவைதாம்.

இனி, ஓர் உண்மை வரலாற்றைப் பார்ப்போம். 1922இல் எர்ணாகுளத்தில் பிறந்த ஜி. என். இராமச்சந்திரன், 1952இல் சென்னைப் பல்கலைக்கழகப் பௌதிகத் துறையின் தலைவரானார். நம் தோலிலும் தசைநாணிலும் உள்ள கொல்லாஜன் என்னும் புரதத்தின் அமைப்பை, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து ஆராய்ந்து, 1954இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது அது என்று மறு ஆண்டில் மேலும் தெளிவாக்கினார். ஆனால் அந்த அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்று பிரான்சிஸ் கிரிக், அலெக்சாண்டர் ரிச் போன்றோர் குறை கூறினர். குறை கூறி எழுதினாலும் அதுவும் ஒரு மேற்கோள்தான். எண்ணிக்கை பாராட்டையும் கண்டனத்தையும் பிரித்தறியாது.

இராமச்சந்திரன் சோர்ந்துவிடவில்லை. அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்ற கேள்வியையே ஆராயத் தொடங்கினார். புரதம் ஒரு நீண்ட சங்கிலி. அதன் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு இடங்களில் திரும்பக்கூடியது. சில கோணங்களில் திரும்பினால் அணுக்கள் மோதிக்கொள்ளும். மோதாத கோணங்கள் எவை என்பதைச் சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் கணக்கிட்டு, ஒரு வரைபடமாக 1963இல் வெளியிட்டார். அக்கட்டுரையின் நீளம் ஐந்தே பக்கங்கள்!

இன்று உலகில் எங்கே ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தாலும், அது சரிதானா என்று இராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். பாடநூலில் ஏறிவிட்ட செய்தியாதலால், பலர் மூலக் கட்டுரையைக் குறிப்பிடுவதே இல்லை. ஆக, மிகுதியாகப் பயன்படும் உண்மைக்கு மேற்கோள் குறைந்துபோகவும் கூடும்.

மற்றொரு செய்தியையும் கேளுங்கள். 2014இல் 'நேச்சர்' இதழ், மிகுதியாக மேற்கோள் பெற்ற நூறு கட்டுரைகளைப் பட்டியலிட்டது. முதலிடம் பெற்றது, புரதத்தை அளக்கும் முறையை விளக்கி லௌரி என்பாரும் உடனுழைத்தோரும் 1951இல் எழுதிய கட்டுரை. அதற்கு மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட மேற்கோள்கள்! மரபணுப் பொருளின் இரட்டைச் சுருள் அமைப்பை அறிவித்த 1953ஆம் ஆண்டுக் கட்டுரைக்கோ அந்த நூறில் இடமில்லை. அளக்கும் கருவியை எல்லோரும் தினமும் எடுக்கிறார்கள். அதனால் அதன் கணக்கு ஏறுகிறது.

அப்படியானால் இந்த எண்கள் வீண்தானா? அல்ல. ஒருவருடைய வேலை பிறரைச் சென்றடைந்ததா என்பதற்கு அவை ஓர் அடையாளம். ஆனால் இளைஞரையும் முதியவரையும், ஒரு துறையையும் மற்றொரு துறையையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. பதவியும் உதவிப்பணமும் இந்த எண்களைப் பார்த்தே வழங்கப்படும்போது, மெல்ல முதிரும் நல்ல வேலை பின்னுக்குத் தள்ளப்படலாம்.

மாணவச் செல்வங்களே, ஒரு விஞ்ஞானியைப் பற்றிக் கேள்விப்பட்டால், எத்தனை எழுதினார் என்பதோடு நின்றுவிடாதீர்கள். என்ன கண்டார், அதனால் பிறர் என்ன செய்ய முடிந்தது என்று கேளுங்கள். 2001இல் மறைந்த இராமச்சந்திரனுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. ஆயினும் அவர் வரைந்த படம் ஆய்வுக்கூடந்தோறும் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.