‘செய்யவும்’ என்பது யாரை நோக்கி?

இல்லற அறிவுரை எழுத்து என்று இக்கருத்தரங்கு குறிப்பது, சமையல் நூல், வீட்டுக் குறிப்பு, மாத இதழின் மகளிர் பகுதி, மணமகளுக்குரிய அறிவுரை நூல் என வீட்டு வேலையைக் கற்பிக்கும் நோக்குடன் எழுதப்பட்ட அனைத்தையுமே. இவ்வெழுத்தின் கருத்துகளில் பாலின வேறுபாட்டைக் கண்டுகொள்வது எளிது. அதன் வினைமுற்றிலும் துணைவினையிலும் அவ்வேறுபாடு எவ்வாறு படிந்திருக்கிறது என்பதே இவ்வவை ஆராய வேண்டிய பொருள்.

தமிழ் வினைமுற்று ‘சமைத்தான்’, ‘சமைத்தாள்’ எனப் பால் காட்டும் இயல்புடையது. சமையற்குறிப்போ ‘வதக்கவும்’, ‘இறக்கவும்’ என்று எழுதப்படுகிறது. மூவிடத்திற்கும் ஐம்பாலுக்கும் பொது என இலக்கணம் கூறும் வியங்கோளின் இடத்தை இன்றைய உரைநடையில் இந்த ‘-வும்’ ஈறு பெற்றுள்ளதால், ரயில் நிலையத்தின் அறிவிப்புப் பலகையைப் போலவே குறிப்பும் யாரையும் சுட்டாததாகத் தோன்றுகிறது. ஆனால் அடுத்த வரியிலேயே ‘பதம் வந்ததும்’, ‘தேவையான அளவு உப்பு’ என்ற தொடர்கள் வருகின்றன. எந்தப் பதம், எவ்வளவு உப்பு என்பதைத் தாயின் அடுப்பருகே நின்று பழகிய கைதான் அறியும். பெரும்பாலான வீடுகளில் அங்கே நின்றவள் மகள். ஈறு மறைத்த வாசகியை, சொல்லாமல் விட்ட அளவு காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இவ்விடத்தில் எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ தனித்து நோக்கத்தக்கது. 1951இல் வெளிவந்த அந்நூலின் தலைப்பே மரியாதை விகுதியற்ற ஒருமை ஏவல். வீட்டின் மூத்த பெண் இளையவளிடம் பேசும் உரிமைக் குரல். எனினும் அளவுகளையும் செய்முறையையும் விரித்துரைத்து, அருகில் கேட்க ஆளில்லாதவரும் சமைக்கலாம் என்ற நிலையை அது உண்டாக்கியது. ‘கைப்பக்குவம்’ என்று பாராட்டி ஒதுக்கப்பட்டிருந்த திறன், அங்கே எழுதிவைக்கக்கூடிய அறிவாக மாறியது. பெண்ணின் சமையல் கையோடு நின்றுவிட, ஆணின் சமையல் மட்டும் ‘நளபாகம்’ என்று பெயரே பெற்றுவிட்டதையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம்! ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பின்னோக்கிச் சென்றால், மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை ‘பெண்மதி மாலை’யில் மகளிர்க்கு அறிவுரை கூறுவதைக் காணலாம். பெண்கல்விக்காக வாதாடிய அவரது குரல் ஆடவர் ஒருவர் மகளிர்க்கு உரைக்கும் குரல், மீனாட்சி அம்மாளுடையது அடுக்களைக்குள்ளிருந்தே எழும் குரல். சொல்வோர் மாறியது சிறிய மாற்றமன்று. கேட்பவளின் இடம் மட்டும் மாறவில்லை.

நுட்பமான வேறுபாடு துணைவினைகளில்தான் உள்ளது. ‘இரவே மாவு அரைத்து வைத்துவிட வேண்டும்’, ‘கணவரும் காய் நறுக்கித் தரலாம்’ என்ற இரு தொடர்களை எடுத்துக்கொண்டால், முன்னதில் எழுவாயே இல்லை. கடமையைக் குறிக்கும் ‘வேண்டும்’ யாருக்குரியது என்று சொல்லத் தேவையும் இல்லை. பின்னதில் எழுவாய் வெளிப்பட வந்து நிற்கிறது. அத்துடன் இசைவைக் குறிக்கும் ‘-லாம்’ சேர்கிறது. ‘நறுக்கலாம்’ என்று நில்லாமல் ‘நறுக்கித் தரலாம்’ என்றாகும்போது, பிறர் பொருட்டுச் செய்தலை உணர்த்தும் ‘தா’ என்னும் துணைவினை, வேலையின் உடைமையைப் பெண்ணிடமே விட்டுவிட்டு உழைப்பில் ஒரு பங்கை மட்டும் ஆணுக்கு அளிக்கிறது. முற்போக்கான அறிவுரை என்று போற்றப்படும் பத்திகளிலும் இவ்வமைப்பு தயக்கமின்றி இடம்பெறுவதால், கருத்தை மட்டும் கணக்கிடும் ஆய்வு அவற்றைச் சமத்துவத்தின் பட்டியலில் சேர்த்துவிடக்கூடும்.

ஆகவே கட்டுரையாளர்கள் சொற்பட்டியலோடு நின்றுவிடாமல், ‘வேண்டும்’, ‘-லாம்’, ‘தா’, ‘கொடு’ ஆகியவை யாருடைய வினையோடு சேர்கின்றன என்பதைத் தொடர்தோறும் குறித்துக் காட்டுவது நன்று. காணொளிச் சமையலில் இன்று பெருகியுள்ள ‘இப்போது சேர்த்துக்கலாம்’ என்னும் பேச்சு வடிவத்தையும் அவ்வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே ‘-லாம்’ இசைவைக் குறிக்காமல், சமைப்பவரையும் காண்பவரையும் ஒரே அடுப்பின் முன் நிறுத்துகிறது.