அடுத்து எதை ஆடலாம்?

வீடியோ கேம் என்றாலே துப்பாக்கியும் துரத்தலும்தான் பலர் நினைவுக்கு வரும். ஆனால் அதில் வேறொரு கூட்டம் உண்டு. அவர்களுடைய திரையில் எதிரி ஒரு பக்கம் நிற்பான். இவர்களுடைய ஆட்கள் மூன்று நான்கு பேர் மறுபக்கம் நிற்பார்கள். யாரும் அசைய மாட்டார்கள். யாரை அடிப்பது, யாருக்கு மருந்து கொடுப்பது, எந்த மந்திரத்தை மிச்சம் பிடிப்பது என்று ஆடுகிறவர் யோசித்து ஒரு கட்டளை கொடுத்த பிறகுதான் சண்டை நகரும். அது முடிந்தால் அடுத்தவர் முறை, பிறகு எதிரியின் முறை. இப்படி முறை வைத்துப் போரிட்டு, ஆட்களை வளர்த்து, ஒரு நெடுங்கதையைக் கடந்து போகிற ஆட்டத்தை டர்ன் பேஸ்டு ஆர்.பி.ஜி. என்கிறார்கள். இந்த வகையிலேயே ஊறிய ஒருவர் ஒரு பெரிய ஆட்டத்தை முடித்துவிட்டு, அடுத்து எதை ஆடலாம் என்று கேட்கிறார். அவருக்கு என்ன சொல்வது?

வழக்கமான பதில், அந்த ஆண்டு விருது வாங்கிய ஆட்டம் எதுவோ அது. இல்லாவிட்டால், அவர் முடித்த ஆட்டத்தின் முந்தைய பாகமோ பிந்தைய பாகமோ. இந்தப் பதில்கள் பலருக்கு ஒத்துப்போவதில்லை. காரணம், ஒரே வகை என்று நாம் சேர்த்துக் கட்டும் இந்த ஆட்டங்கள் உள்ளுக்குள் ஒன்றுக்கொன்று அந்நியமானவை. என் கணக்கில் இவற்றைப் பிரித்துக் காட்டுவது ஒரே ஒரு கேள்வி. இந்த ஆட்டத்தில் ஒரு முறையை வீணடித்தால் என்ன நஷ்டம்? சிலவற்றில் ஒன்றுமே ஆகாது. சிலவற்றில் பத்து நிமிடம் கழித்து வலிக்கும். இன்னும் சிலவற்றில் அடுத்த நொடியே கதை முடிந்துவிடும். சென்ற ஆட்டத்தில் பொத்தானை அழுத்தும் முன் அவரைத் தயங்க வைத்தது எது என்று தெரிந்துகொண்டால், அடுத்த ஆட்டத்தைச் சொல்வது எளிது.

ஜப்பானில் இந்த வகைக்கு வழி திறந்த டிராகன் குவெஸ்டிலிருந்தே பார்க்கலாம். 1986 மே மாதம் எனிக்ஸ் நிறுவனம் வெளியிட்டது. உருவாக்கியவர் யூஜி ஹோரீ, பாத்திரங்களை வரைந்தவர் டிராகன் பால் புகழ் அகிரா டோரியாமா. அதில் ஒரே ஒரு வீரன், ஒரு சமயத்தில் ஒரே ஓர் எதிரி. ஒரு முறையைத் தவறாகச் செலவழித்தால் அந்தச் சண்டை தோற்றுவிடாது. உடலில் கொஞ்சம் காயம், மந்திர சக்தியில் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். ஆனால் குகைக்குள் இறங்க இறங்க அந்தக் கொஞ்சங்கள் சேர்ந்துகொண்டே போகும். இன்னும் ஒரு தளம் இறங்கலாமா, திரும்பிவிடலாமா என்பதுதான் உண்மையான முடிவு. செத்துப்போனால் கையிலிருக்கும் தங்கத்தில் பாதி போய்விடும். பெற்ற அனுபவம் மட்டும் போகாது. ஆக, இங்கே முறையின் விலை பயணத்தின் முடிவில்தான் வசூலாகிறது. இந்தச் சிக்கனத்தை விரும்புகிறவர்களுக்கு இன்றைக்கும் நல்ல சரக்கு இருக்கிறது. மூன்றாம் பாகம் புதிய தோற்றத்தில் 2024-இல் மறுபடி வந்தது. பதினோராம் பாகம் அந்த மரபின் மிகப் பரந்த வடிவம், கொஞ்சம் சொகுசான வடிவமும்கூட.

இதற்கு நேர் எதிர்முனை, அட்லஸ் நிறுவனம் 2003-இல் வெளியிட்ட ஷின் மெகாமி டென்செய் மூன்று, நாக்டர்ன். தொடக்கத்திலேயே உலகம் அழிந்து, மிஞ்சிய டோக்கியோவில் பேய்கள் உலவுகின்றன. அந்தப் பேய்களிடமே பேரம் பேசிப் படை சேர்க்க வேண்டும். சண்டையில் உங்களிடம் நான்கு பேர் இருந்தால் நான்கு முறை. எதிரியின் பலவீனத்தைச் சரியாகத் தொட்டால் ஒரு முறையில் பாதிதான் செலவாகும், அதாவது இன்னொரு அடி அடிக்கலாம். குறி தவறினால் இரண்டு முறை போய்விடும். எதிரி உங்கள் மந்திரத்தைத் திருப்பி அனுப்பினாலோ விழுங்கிவிட்டாலோ மிச்சமிருந்த எல்லாமே போச்சு. முக்கியமான சங்கதி, இதே சட்டம் எதிரிக்கும் பொருந்தும். தொடக்கக் கட்டத்திலேயே மேட்டடோர் என்றொரு எதிரி வருவான், ஸ்பானியக் காளைச் சண்டை வீரனின் உடையில் ஓர் எலும்புக்கூடு. வந்ததும் தன் சிவப்புத் துணியை வீசி, அடிகள் தன்மேல் எளிதில் படாதபடி ஆக்கிக்கொள்வான். நீங்கள் ஓங்கி அடிக்க அடிக்க பெரும்பாலான அடிகள் தவறும், ஒவ்வொரு தவறுக்கும் இரண்டு முறை பறிபோகும். அவனை மிஞ்ச வழி இரண்டு. அவன் சுறுசுறுப்பைக் குறைக்கும் மந்திரம் வேண்டும். காற்றுத் தாக்குதல் பலிக்காத ஒரு பேய் உங்கள் பக்கம் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் அவன் காற்றை ஏவும்போது அவனுடைய முறைகள்தான் கரையும். வெறுமனே பலம் ஏற்றிக்கொண்டு வந்து மோதினால் இவனிடம் செல்லாது. இந்தத் தொடரில் வேறெதையும் ஆடாவிட்டாலும் இந்த ஒரு சண்டையை ஆடிப் பார்த்தால், முறை என்பது எவ்வளவு விலையுயர்ந்த பண்டம் என்று புரிந்துவிடும். அட்லஸின் பெர்சோனா ஐந்தை முடித்தவர்கள் ஏராளம். அவர்களில் பள்ளிக்கூட நட்பு பிடித்தவர்களுக்குப் பெர்சோனா நான்கைச் சொல்லலாம். பலவீனத்தைத் தேடிக் கண்டுபிடித்து இன்னொரு அடி அடிக்கும் அந்தத் திருப்திதான் பிடித்தது என்றால் நாக்டர்னைச் சொல்ல வேண்டும். ஒரே நிறுவனம், ஒரே குடும்பம், ஆனால் இரண்டு ரசிகர்கள்.

இவற்றுக்கு நடுவே முறையைச் சேமிக்க விடும் ஆட்டங்கள் உண்டு. 2018-இல் வந்த ஆக்டோபாத் டிராவலரில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு புள்ளி சேரும்; ஐந்து வரை வைத்திருக்கலாம், ஒரு தடவைக்கு மூன்று வரை செலவழித்து ஓர் அடியைப் பலமடங்காக்கலாம். எதிரியின் கேடயம் எந்தச் சுற்றில் உடையும் என்று கணக்குப் போட்டு, அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். எட்டுப் பேரின் கதைகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்ற குறை நியாயமானது. ஆனாலும் சேமித்து ஒரே நாளில் செலவழிக்கிற மனசுக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது குறைவு. 2001-இன் ஃபைனல் ஃபேன்டஸி பத்து இன்னொரு விதம். அடுத்து யார் முறை, அதற்கடுத்து யார் என்ற வரிசை திரையின் ஓரத்திலேயே தெரியும். ஏழு பேரில் யாரை வேண்டுமானாலும் சண்டைக்கு நடுவே மாற்றலாம், மாற்றுவதற்கு முறை செலவாகாது. அவசரமே இல்லை. வருவது தெரிந்து திட்டமிடுவதில் இன்பம் காண்பவர்களுக்கான ஆட்டம் அது.

இனி, விருது வாங்கியது. பிரான்சின் மோன்பெலியே நகரில் இருக்கும் சாண்ட்ஃபால் என்ற சிறிய நிறுவனம் 2025 ஏப்ரலில் கிளேர் ஆப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33 என்ற ஆட்டத்தை வெளியிட்டது. அந்த ஆண்டின் சிறந்த ஆட்டம் என்ற விருது அதற்குத்தான். பார்க்க அழகு, இசை அருமை, கதை நெஞ்சைத் தொடும். ஆனால் முறை வைத்து ஆடுவதில் ஊறியவருக்கு முதலில் சொல்ல வேண்டிய ஆட்டம் அது என்று நான் நினைக்கவில்லை. அதில் எதிரி அடிக்கும்போது, சரியான நொடியில் பொத்தானை அழுத்தினால் அந்த அடியை முழுவதுமாகத் தடுத்துவிடலாம், உடனே திருப்பியும் அடிக்கலாம். கை நிதானமாக இருப்பவருக்கு ஒரு கீறல்கூட விழாமல் சண்டை முடியும். அதாவது, தவறாகச் செலவழித்த முறையைக் கைவேகத்தால் மீட்டுக்கொள்ளலாம். இது புதுமையும் அல்ல. 1996-இல் நின்டென்டோவுக்காக ஸ்கொயர் நிறுவனம் செய்த சூப்பர் மாரியோ ஆர்.பி.ஜி.யிலேயே நேரம் பார்த்து அழுத்தினால் அடி கூடும், காயம் குறையும். அங்கே அது சண்டைக்கு ஒரு மெருகு. இங்கே அதுவே பாதி ஆட்டம். வேகமான ஆட்டங்களிலிருந்து இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது. உட்கார்ந்து யோசிக்கத்தான் இந்த வகைக்கு வந்தேன் என்கிறவர், விருதைப் பார்த்து வாங்கி ஏமாந்துபோக வாய்ப்புண்டு. கடிகாரத்தை உள்ளே கொண்டுவர வேறு வழிகளும் இருந்திருக்கின்றன. ஷிகெசாடோ இடோய் எழுதிய 1994-இன் மதர் இரண்டில் சாகும் அளவுக்கு அடி விழுந்தாலும் உயிர் எண் உடனே பூஜ்யமாகாது, ஓடும் மீட்டர் போல உருண்டு இறங்கும். அது பூஜ்யத்தைத் தொடுவதற்குள் மருந்து கொடுத்துவிட்டால் பிழைத்தீர்கள். அங்கே அவசரம் உண்டு, ஆனால் அவசரத்திலும் எடுக்க வேண்டியது முடிவுதான்.

இதற்கெல்லாம் முதல் மறுப்பு, மக்கள் நினைவில் வைத்திருப்பது கதையைத்தானே, சண்டைக் கணக்கையா என்பது. நினைவில் நிற்பது கதைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதையின் ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் இடையே பல மணி நேரம் ஆடுகிறவர் செய்துகொண்டிருப்பது சண்டைதான். சண்டை சலித்துவிட்டால் கதையின் முடிவை அவர் பார்க்கவே மாட்டார். டோபி ஃபாக்ஸ் 2015-இல் வெளியிட்ட அண்டர்டேல் கதைக்காகக் கொண்டாடப்படும் ஆட்டம். அதில் எந்த எதிரியையும் கொல்லாமல் விட்டுவிடலாம், ஆனால் விடுவதற்கும் உங்கள் முறையைத்தான் செலவழிக்க வேண்டும், அவன் தாக்குவதைச் சகித்துக்கொண்டே. அந்தக் கதையின் இரக்கம் முழுவதும் அந்தச் செலவில்தான் இருக்கிறது. முறையைத் தனியாகவும் கதையைத் தனியாகவும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதற்கு அதுவே போதுமான சாட்சி.

இரண்டாவது மறுப்பு இன்னும் காரமானது. பழைய கணினிகளுக்குத் திறன் போதாததால் பிறந்த ஏற்பாடு இது, காலம் கடந்துவிட்டது என்பார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. டிராகன் குவெஸ்ட் வந்த அதே ஃபேமிகாம் கருவியில், அதற்கு எட்டு மாதம் முன்பே சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஓடிக் குதித்துக்கொண்டிருந்தது. கருவியால் முடியாமல் ஹோரீ காத்திருப்பைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் விரும்பி ஆடிய விசார்ட்ரி போன்ற அமெரிக்க ஆட்டங்கள், மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸிலிருந்து வந்தவை. முறை வைப்பது அங்கிருந்தே வந்த குணம். ஃபைனல் ஃபேன்டஸி தொடர் முறையைக் கைவிட்டு அதிரடிக்கு மாறியது உண்மைதான். பதினாறாம் பாகத்தின் தயாரிப்பாளர் நவோகி யோஷிதா, கட்டளை கொடுத்துக் காத்திருக்கும் சண்டை இளையவர்கள் பலருக்குப் பிடிபடுவதில்லை என்ற பொருளில் பேசியும் இருக்கிறார். ஆனால் போக்குவரத்து ஒருவழியாக இல்லை. தெருச்சண்டைக்குப் பேர்போன யகூசா தொடர் 2020-இல் முறை வைத்து ஆடுவதற்கு மாறியது, அதுவும் தன்னை டிராகன் குவெஸ்ட் வீரனாகக் கற்பனை செய்துகொள்ளும் ஒரு நாயகனோடு. பால்டர்ஸ் கேட் தொடரின் முதலிரண்டு பாகங்களில் சண்டை ஓடிக்கொண்டே இருக்கும், வேண்டுமானால் நிறுத்தி வைத்து யோசிக்கலாம். பெல்ஜியத்தின் லேரியன் நிறுவனம் 2023-இல் மூன்றாம் பாகத்தைச் செய்தபோது முழுக்க முறை வைத்தே செய்தது. ஒரு முறைக்கு ஒரு செயல், ஒரு சிறு செயல், கொஞ்சம் நடை. அதற்குள் எதிரியைப் பாறை விளிம்பிலிருந்து தள்ளுவதா, தரையில் கொட்டிய எண்ணெய்க்குத் தீ வைப்பதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டின் விருதை அதுதான் வாங்கியது.

மூன்றாவது மறுப்புக்கு முன் நான் பாதி தலைவணங்குகிறேன். நேரம். பெர்சோனா ஐந்து 100 மணி நேரத்தைத் தொடும். அதில் ஒரு பகுதி, பலவீனமான எதிரிகளை ஓயாமல் வெட்டிக்கொண்டிருப்பது. அரைத்த மாவையே அரைப்பதற்கு வேலைக்குப் போகும் மனிதருக்கு எங்கே பொழுது? ஆனால் நஷ்டமே இல்லாத முறைகளை என்ன செய்வது என்பதும் இதே கேள்வியின் மறுபக்கம்தான், நல்ல ஆட்டங்கள் அதற்குப் பதில் சொல்லியிருக்கின்றன. மதர் இரண்டில் எதிரி மிகவும் பலவீனமானவன் என்றால் சண்டை தொடங்காமலே வென்றுவிடுவீர்கள். அட்லஸின் 2024 ஆட்டமான மெட்டஃபர்: ரீஃபேன்டாசியோவில் சிறிய எதிரிகளை நடந்துபோகும் வழியிலேயே வெட்டிவிட்டுப் போகலாம், முறை வைத்த சண்டை தகுதியான எதிரிக்கு மட்டும். நாக்டர்னின் கணக்கு பிடித்து, அதன் கொடுமை பிடிக்காதவருக்கு நான் சொல்வது இதைத்தான். ஒரு சண்டை கைமீறிப் போனால் அதைத் தொடக்கத்திலிருந்து மறுபடி ஆடவும் இது விடுகிறது.

தமிழ் நேயர்களுக்கு இன்னும் ஒரு சங்கதி. நான் பெயர் சொன்ன ஆட்டங்கள் எதுவும் தமிழில் வரவில்லை. ஆங்கிலத்தில் நிறையப் படிக்க வேண்டியிருக்கும். இந்த வகையில் எழுத்து உங்களுக்காகக் காத்திருக்கும் என்பது சின்ன ஆறுதல். அகராதியைப் பார்த்துவிட்டு வரும்வரை பெரும்பாலான ஆட்டங்களில் எதிரி கையை ஓங்கியபடியே நிற்பான். விலையுயர்ந்த கருவியும் தேவையில்லை. பழைய டிராகன் குவெஸ்ட்டுகளும் ஃபைனல் ஃபேன்டஸிகளும் கைபேசியிலேயே கிடைக்கின்றன. அவற்றோடு 1995-இல் ஹோரீ, டோரியாமா, ஃபைனல் ஃபேன்டஸியைப் படைத்த ஹிரோனோபு சகாகுச்சி ஆகிய மூவரும் சேர்ந்து செய்த க்ரோனோ ட்ரிகரும் கிடைக்கிறது. காலத்தில் முன்னும் பின்னும் பயணம் செய்யும் கதை. இருவரோ மூவரோ தங்கள் முறைகளைச் சேர்த்து ஒரே அடியாக அடிக்கும் வசதி. எதிரிகள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதால் சில சண்டைகளைத் தவிர்த்தும் போகலாம். 20, 25 மணி நேரத்தில் முடிந்துவிடும். கேட்கிறவரைப் பற்றி எதுவுமே தெரியாமல் ஒரே ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும் என்றால், க்ரோனோ ட்ரிகர் என்பேன். அதை முடித்துவிட்டு வரட்டும், எந்த இடத்தில் தயங்கினார் என்று கேட்டுக்கொள்ளலாம்.