ஏழாவது படி

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இந்த மேடையில் நான் கடைசியாக நின்றது ஒரு பேச்சுப் போட்டியில். பாதியில் மறந்துபோய் முழித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பயத்தில் இன்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உயர்வகுப்புப் பிள்ளைகளுக்கான விடுமுறைக்காலக் கட்டடக்கலைச் செயலமர்வுகளைப் பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். நியூயோர்க்கில் ஒரு கட்டடக்கலை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஒன்பது கோடை விடுமுறைகளில் இப்படியான செயலமர்வுகளில் தொண்டராக நின்று படிப்பித்திருக்கிறேன். ஆனால் இந்தப் பேச்சை அங்கிருந்து தொடங்க முடியவில்லை. எங்கள் மேல்மாடிப் படிக்கட்டில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

அந்தப் படிக்கட்டின் ஏழாவது படியில் தடுக்காதவர் இந்த மண்டபத்தில் யாராவது இருந்தால் கையை உயர்த்துங்கள். பார்த்தீர்களா, ஒருவரும் இல்லை. ஆறாம் வகுப்பில் அந்தப் படியில் விழுந்து என் முழங்கால் உடைந்தது. தண்ணீர்ப் போத்தலும் உடைந்தது. "பார்த்து நடக்கத் தெரியாதா பிள்ளை?" என்று ஏச்சும் வாங்கினேன். எனக்கு நடை சரியில்லை, நான் அவதானமில்லாதவள் என்று பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தேன்.

நேற்றுப் பிற்பகல் அதிபரின் அனுமதியோடு, பத்தாம் வகுப்பு மாணவிகள் இருவரைக் கூட்டிக்கொண்டு போய் அளவு நாடாவால் அந்தப் படிகளை அளந்தோம். மற்றப் படிகள் ஒவ்வொன்றும் பதினாறரை சென்ரிமீற்றர் உயரம். ஏழாவது படி பத்தொன்பது. மாடிப்படி ஏறுகிறவரின் கால் முதல் இரண்டு மூன்று படிகளிலேயே உயரத்தைப் பழகிவிடும். பிறகு கண் பார்க்காது, கால் தானாகவே அந்த உயரத்துக்குத் தூக்கும். நடுவில் ஒரு படி இரண்டு சென்ரிமீற்றர் கூடினாலே நுனிக்கால் இடிக்கும். அதனால்தான் எல்லாப் படியும் ஒரே உயரமாக இருக்க வேண்டும் என்பது கட்டட வேலையில் பால பாடம்.

அளந்து முடிந்ததும் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி, "அப்ப பிழை எங்கட காலில இல்லையா அக்கா?" என்று கேட்டாள். நான் சொல்ல வந்ததெல்லாம் அவளுடைய அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது.

அமெரிக்காவில் கோடை விடுமுறை ஏறத்தாழ இரண்டரை மாதம். அந்தக் காலத்தில் கோர்னெல், கார்னகி மெலன் போன்ற பல்கலைக்கழகங்களும், பிராவிடன்ஸ் நகரிலுள்ள றோட் ஐலன்ட் வடிவமைப்புக் கல்லூரியும் உயர்வகுப்பு மாணவருக்குக் கட்டடக்கலை, வடிவமைப்பு வகுப்புகளை நடத்துகின்றன. சில வாரங்கள் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். நல்ல வகுப்புகள்தான். ஆனால் கட்டணம் ஆயிரக்கணக்கான டொலர். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கே அந்தக் கதவு திறக்கும்.

இன்னொரு வகையும் உண்டு. 1971இல் டெட்ரொயிட் நகரில் பன்னிரண்டு கறுப்பினக் கட்டடக் கலைஞர்கள் கூடி, சிறுபான்மைக் கட்டடக் கலைஞர்களுக்கான ஒரு தேசிய அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் கிளைகள் இன்று பல நகரங்களில் 'புரொஜெக்ட் பைப்லைன்' என்ற பெயரில் பிள்ளைகளுக்குச் சில நாள் முகாம்களை நடத்துகின்றன. படிப்பிக்கிறவர்கள் வேலைசெய்யும் கட்டடக் கலைஞர்கள், தொண்டர்கள்.

அந்த அமைப்பு ஏன் தேவைப்பட்டது என்று கேட்கலாம். நோர்மா ஸ்கிளாரெக் என்ற கறுப்பினப் பெண் 1950இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைப் பட்டம் பெற்றார். பத்தொன்பது அலுவலகங்கள் அவருக்கு வேலை கொடுக்க மறுத்தன. 1954இல் நியூயோர்க் மாநிலத்தின் உரிமப் பரீட்சையை முதல் முறையிலேயே சித்தியடைந்தார். பின்னாளில் பெரிய கட்டட வேலைகளை முன்னின்று நடத்தினார். திறமை இருந்தும் கதவு சாத்தியிருந்தால் என்ன நடக்கும் என்பதை அறிந்தவர்கள்தான் பிள்ளைகளிடம் முதலில் போகிறார்கள்.

அந்த முகாம்களில் என்ன நடக்கிறது? பலர் நினைப்பதுபோல் அது சித்திர வகுப்பு இல்லை. முதல் நாள் பிள்ளைகள் தங்கள் உடம்பை அளப்பார்கள். சாண் எத்தனை சென்ரிமீற்றர், ஒரு எட்டு எவ்வளவு, கதிரையில் இருந்தால் கண் எந்த உயரத்தில் இருக்கும் என்று குறித்துக்கொள்வார்கள். அதன்பின் அளவு நாடா இல்லாமலே ஒரு அறையை அளந்துவிடலாம். இரண்டாம் நாள் பழகிய ஓர் இடத்தை அளந்து, 1:50 அளவுத்திட்டத்தில் வரைவார்கள். மூன்றாம் நாள் அந்த இடத்தை யார், எந்த நேரத்தில், எதற்குப் பாவிக்கிறார்கள் என்று இருந்து பார்த்துக் குறிப்பார்கள். அதன்பிறகுதான் மட்டையும் பசையும். கடைசி நாள் வரைபடங்களைச் சுவரில் குத்தி, முன்னால் நின்று விளக்கம் சொல்ல வேண்டும். கேட்பவர்கள் கேள்வி கேட்பார்கள். "வடிவாயிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக விடமாட்டோம்.

மாதிரி செய்யும்போது ஒரு விதி உண்டு. ஒவ்வொருவரும் தங்களையே மட்டையில் வெட்டி உள்ளே நிறுத்த வேண்டும். 160 சென்ரிமீற்றர் உயரமான பிள்ளை 1:50இல் 3.2 சென்ரிமீற்றர். ஒரு கோடையில் பதினாறு வயதுப் பிள்ளை ஒருத்தி தன் அம்மம்மாவுக்கு ஒரு குசினி செய்தாள். மிக நேர்த்தியான வேலை. அம்மம்மாவையும் மட்டையில் வெட்டி உள்ளே நிறுத்தினாள். யன்னல் அந்த மட்டை மனுசியின் தலைக்கு மேலே இருந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்கும் போகாமல் முழுச் சுவரையும் பிரித்து மறுபடி வெட்டினாள். நாங்கள் ஒருவரும் பிழை என்று சொல்லவில்லை.

இதை அப்படியே பெட்டியில் போட்டு இங்கே கொண்டுவந்து இறக்கலாமா? முடியாது. ஒரு உதாரணம் சொல்கிறேன். நியூயோர்க்கில் உச்சிவேளைச் சூரியன் வருடம் முழுவதும் தெற்கேதான் நிற்கும். அங்குள்ள பாடநூல்கள் குளிர்காலச் சூட்டைப் பெறத் தெற்கே பெரிய யன்னல் வைக்கச் சொல்லும். யாழ்ப்பாணத்தில் கதை வேறு. ஆகஸ்ட் நடுவில் எங்கள் விளையாட்டுத் திடலில் ஒரு மீற்றர் கம்பு ஒன்றை நேராக நட்டு, பன்னிரண்டேகால் மணியளவில் போய்ப் பாருங்கள். நிழல் பத்துச் சென்ரிமீற்றர்கூட வராது. அதுவும் தெற்குப் பக்கம் விழும், ஏனென்றால் அப்போது சூரியன் எங்களுக்குச் சற்று வடக்கே நிற்கிறது. ஆகஸ்ட் கடைசியில் நிழலே இல்லாத ஒரு நாள் வரும். டிசம்பர் 22 அளவில் அதே கம்பின் நிழல் வடக்குப் பக்கம் ஏறத்தாழ 65 சென்ரிமீற்றர் நீளும்.

ஒரு கம்பிலிருந்து பிள்ளைகள் என்ன படிக்கலாம்? உச்சிச் சூரியன் எங்களுக்கு இரண்டு பக்கமும் வருகிறது, ஆனால் எப்போதும் உயரத்தில் நிற்கிறது. ஆகவே வடக்கையும் தெற்கையும் பார்த்த யன்னலுக்கு அளவான தாழ்வாரம் இருந்தால் போதும். பின்னேர வெயில் மேற்கிலிருந்து சாய்ந்து வரும்போது எந்தத் தாழ்வாரமும் மறைக்காது. மேற்குப் பக்க யன்னலோரம் கடைசிப் பாடத்துக்கு இருந்தவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. நித்திரை தூங்கியதற்கு எத்தனை ஏச்சு வாங்கினோம்!

எங்கள் நாற்சார் வீட்டைக் கட்டியவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது. நடு முற்றமும், சுற்றி ஓடும் தாழ்வாரமும், வழிப்போக்கர் நின்று இளைப்பாற வாசலில் கூரை போட்ட சங்கடப்படலையும் அவர்களுடைய அறிவு. அப்படி எஞ்சியிருக்கும் வீடு ஒன்றை மாணவிகள் அளந்து வரைந்து வைத்தால், அது பயிற்சியுமாகும், பதிவுமாகும்.

எங்கள் நாட்டுப் பெண்ணொருவர் இந்த வழியில் முன்னே போயிருக்கிறார். மினெட் டி சில்வா 1918இல் கண்டியில் பிறந்தார். பம்பாயிலும் இலண்டனிலும் படித்தார். பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவகத்தின் உறுப்பினராக 1948இல் தெரிவான முதல் ஆசியப் பெண் அவர்தான். கண்டியில் அவர் கட்டிய கருணாரத்ன இல்லத்தில் உள்ளூர்க் கைவினைஞரின் நெசவுக்கும் அரக்கு வேலைக்கும் இடம் கொடுத்தார். 1950களின் பிற்பகுதியில் கண்டி வட்டப்புளுவவில் அரசாங்க ஊழியருக்கு இருநூறுக்கு மேற்பட்ட வீடுகளைத் திட்டமிட்டபோது, குடியிருக்கப் போகிறவர்களிடம் கேள்விக்கொத்துக் கொடுத்து அவர்களுடைய தேவைகளைக் கேட்டறிந்தார். இருக்கப் போகிறவரிடம் கேட்பது அந்தக் காலத்தில் வழக்கமில்லை.

எங்கள் வீடு கட்டியபோது மேசன் எல்லாவற்றையும் அப்பாவிடம்தான் கேட்டார். குசினி எங்கே வரவேண்டும் என்பதையும் அப்பாதான் சொன்னார். அப்பா நல்லவர், ஆனால் அவர் ஒரு நாளும் அந்தக் குசினியில் சமைத்ததில்லை. அம்மா முப்பது வருடம் புகைக்குள் நின்று கண்ணைக் கசக்கினா. "எனக்குக் கண் பலவீனம்" என்றுதான் அம்மாவும் சொல்லுவா. ஏழாவது படியில் விழுந்த நானும் அப்படித்தானே சொல்லிக்கொண்டேன்.

தங்கைமாரே, இந்தச் செயலமர்வுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கட்டடக் கலைஞராக வரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. விருப்பம் உள்ளவர்களுக்கு இது உதவும். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்க உயர்தரப் பெறுபேறு மட்டும் போதாது, உளச்சார்புப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். இந்தச் செய்தியே பல பிள்ளைகளுக்குப் பிந்தித்தான் கிடைக்கிறது. ஐந்து நாள் பயிற்சி யாருக்கும் அனுமதி வாங்கித் தராது. ஆனால் இந்தத் துறை தனக்குப் பிடிக்குமா, பிடிக்காதா என்று பாடத்தைத் தெரிவு செய்யுமுன் அறிந்துகொள்ளலாம். பிடிக்காது என்று கண்டுகொள்வதும் நல்ல பயன்தான். மற்றவர்கள் நாளைக்கு வைத்தியராகவோ ஆசிரியையாகவோ வீடு கட்டும் தாயாகவோ வரும்போது, மேசனுக்கு முன்னால் வரைபடத்தை விரித்து, "இந்த யன்னல் ஏன் இங்கே?" என்று கேட்பார்கள். எனக்கு அது போதும்.

இனி, சங்கத்திடம் என் வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாகப் புதிய வகுப்பறைத் தொகுதி ஒன்று கட்டப் போகிறோம். பலர் அள்ளித் தந்திருக்கிறீர்கள். வரைபடம் இன்னும் முடிவாகவில்லை என்று அறிகிறேன். அது முடிவாகுமுன், வருகிற ஆகஸ்ட் விடுமுறையில், பத்தாம் வகுப்பிலிருந்து உயர்தரம் வரையான இருபது மாணவிகளுக்கு இங்கேயே ஐந்து நாள் செயலமர்வு ஒன்றை நடத்துவோம். நான் வருகிறேன். இத்துறையில் இருக்கும் இன்னும் இரண்டு பழைய மாணவிகளும் வரச் சம்மதித்திருக்கிறார்கள். செலவு அதிகமில்லை. பத்து அளவு நாடா, வெட்டுக்கத்தி, பசை, நூல், ஊசி, வரைதாள் போதும். மட்டைக்குக் கடைகளில் பிஸ்கட் பெட்டிகள் கிடைக்கும். கட்டணம் வாங்கக்கூடாது. தூரத்துப் பிள்ளைகளின் பஸ் காசையும் சங்கமே கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் வருவார்கள்.

அந்த ஐந்து நாளில் மாணவிகள் இந்த வளவை அளக்கட்டும். எந்த வகுப்பு எத்தனை மணிக்குச் சுடுகிறது, மழைக்கு எங்கே வெள்ளம் நிற்கிறது என்று குறிக்கட்டும். கழிப்பறை தூரம் என்பதால் எத்தனை பேர் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள் என்றும் எழுதட்டும். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. கடைசி நாள், புதிய கட்டடத்தை வரைகிறவரையும் கட்டடக் குழுவையும் முன்வரிசையில் இருத்தி, பிள்ளைகள் பேசட்டும். சொல்வதெல்லாவற்றையும் ஏற்க வேண்டும் என்பதில்லை. ஏற்காததற்குக் காரணம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று. ஏழாவது படியை நாளைக்கே உடைத்துச் சரிசெய்யலாம் என்று அதிபர் நேற்றுச் சொன்னா. நன்றி ரீச்சர். ஆகஸ்ட் வரைக்கும் அதை மஞ்சள் நிறம் தீட்டி மட்டும் வையுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். இருபது பிள்ளைகளும் அதைத் தங்கள் கையால் ஒருமுறை அளந்த பிறகு மேசனைக் கூப்பிடுவோம்.

போகும்போது படியில் கவனம்.