குரலுக்கு யாரைக் கேட்பது?

(பெங்களூரில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கீதத்தைப் பற்றி ஏதாவது பேசுங்கள் என்றார்கள். ராக லட்சணம் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். ஆகவே நான் வேறு ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டேன். ஸ்டூடியோவில் இயந்திரத்தைக் கொண்டு குரலை மாற்றுகிறார்கள் அல்லவா? அதை ரசிகர்கள் ஒரு சமயம் கொண்டாடுகிறார்கள், இன்னொரு சமயம் கோபித்துக்கொள்கிறார்கள். ஏன்?

நம் ஊரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 2024 ஜனவரி மாதம், யுவன் சங்கர் ராஜாவும் டைரக்டர் வெங்கட் பிரபுவும் 'தி கோட்' படத்துக்கு இந்தப் பெங்களூரில் உட்கார்ந்து ஒரு மெட்டுப் போட்டார்கள். போட்டவுடனே இருவருக்கும், இது பவதாரிணி பாட வேண்டிய பாட்டு என்று தோன்றியிருக்கிறது. யுவனின் சகோதரி, இளையராஜாவின் பெண், 'பாரதி' படப் பாட்டுக்குத் தேசிய விருது வாங்கியவர். அப்போது அவர் சிகிச்சையில் இருந்தார். குணமாகி வந்ததும் பாட வைக்கலாம் என்று நினைத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்குள் அவர் காலமான செய்தி வந்துவிட்டது. இதை யுவனே பிறகு எழுதினார். ஜூன் மாதம் அந்தப் பாட்டு, 'சின்ன சின்ன கண்கள்', வெளிவந்தது. செயற்கை நுண்ணறிவின் உதவியால் பவதாரிணியின் குரலே அதில் ஒலித்தது.

எங்கள் அகத்தில் அன்று இரண்டு கட்சி. மாட்டுப்பெண் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேரன், கம்ப்யூட்டர் படிக்கிறவன், "மூச்சு சரியா இல்லை தாத்தா" என்றான். வெளியிலும் ஏறக்குறைய இப்படித்தான் பேசிக்கொண்டார்கள். அக்கா தம்பி பாசத்தைக் குறை சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. ஆனாலும் ஏதோ உறுத்தியது.

இது எப்படி நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெறும் காற்றிலிருந்து குரல் வருவதில்லை. முதலில் உயிரோடு இருக்கும் ஒருவர் பாட்டு முழுவதையும் பாடுகிறார். அசைவு, இடைவெளி, சொல்லை அழுத்தும் விதம் எல்லாம் அவருடையது. பழைய ஒலிப்பதிவுகளைக் கொண்டு பயிற்சி கொடுத்த கம்ப்யூட்டர், அந்தப் பாட்டின் மேல் மறைந்தவரின் குரல் நிறத்தைப் பூசுகிறது. உடம்பு ஒருவருடையது, வஸ்திரம் இன்னொருவருடையது என்று வைத்துக்கொள்ளலாம்.

இயந்திரம் என்றாலே நமக்கு ஆகாது என்று நினைக்க வேண்டாம். மைக் வந்தபோது சாரீரம் போயிற்று என்றார்கள். கிட்டப்பா காலத்து உச்ச ஸ்தாயி போய், மென்மையாகப் பாடுகிறவர்களும் பெரிய சபையில் கேட்கும் காலம் வந்தது. எலெக்ட்ரானிக் தம்பூராவை எடுத்துக்கொள்ளுங்கள். 1970களின் கடைசியில் இதே ஊரில் அதை உருவாக்கியவர் ராடெல் ஜி. ராஜ் நாராயண். எச்.ஏ.எல்.லில் என்ஜினீயராக இருந்தவர், புல்லாங்குழல் வித்வானும்கூட. மரமும் தந்தியும் இல்லாமல் ஒரு நாதமா என்று அன்று முகம் சுளித்தவர்கள் உண்டு. இன்று அந்தப் பெட்டி இல்லாத மேடையைத் தேட வேண்டும். பெட்டிகூட வேண்டாம், செல்போனிலேயே சுருதி போட்டுக்கொள்கிறார்கள்.

ஆட்டோ டியூன் சமாசாரம் இன்னும் ருசியானது. 1997ல் வந்தது. அதைச் செய்த ஆண்டி ஹில்டெப்ராண்ட் என்பவர், பூமிக்கடியில் எண்ணெய் எங்கே இருக்கிறது என்று ஒலியலைகளை வைத்துத் தேடும் துறையில் வேலை பார்த்தவர். அந்தக் கணக்கையே குரலுக்குத் திருப்பிவிட்டார். பாடுகிறவர் சுருதியில் கொஞ்சம் விலகினால், பக்கத்து ஸ்வரத்துக்கு அது இழுத்துவிடும். எவ்வளவு வேகமாக இழுக்க வேண்டும் என்று வைக்க அதிலே வசதி உண்டு. மெதுவாக வைத்தால் காதுக்குத் தெரியாது. மிக வேகமாக வைத்தால் குரல் படிப்படியாகக் குதித்து, ரோபோ பாடுவது போல ஆகிவிடும். 1998ல் ஷெர் என்ற அமெரிக்கப் பாடகி 'பிலீவ்' பாட்டில் இதையே அலங்காரமாக வைத்து உலகெங்கும் பேர் வாங்கினார். எப்படிச் செய்தோம் என்பதை ஒலிப்பதிவாளர்கள் முதலில் மறைத்து, வேறு ஏதோ கருவியின் பேரைச் சொன்னார்கள். நம் மாமிகள் ரசப்பொடி ரகசியத்தைக் காப்பாற்றுவது போலத்தான்.

இந்த ஆட்டோ டியூனிடம் தோடியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன ஆகும்? தோடியின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஊசலாடிக்கொண்டே இருக்கும், அந்த ஊசலாட்டம்தான் தோடி. பன்னிரண்டு கட்டைகளில் ஏதாவது ஒன்றில் உட்காரவைத்தே தீருவேன் என்று நிற்கும் கருவிக்கு அது சுருதி பிசகாகப் படும். ஊஞ்சலை ஆணியடித்து நிறுத்திவிட்டு ஆடு என்பது போல. நேர் ஸ்வரங்களில் நடக்கும் பாட்டுக்கு அந்தக் கருவி ஓர் அலங்காரம். கமகத்துக்கு அது எமன்.

சினிமாவில் இந்தச் சோதனைகளை அதிகம் செய்தவர் ஏ.ஆர். ரஹ்மான். அவர் வந்த புதிதில் வாத்தியச் சத்தத்தில் வார்த்தை புரியவில்லை என்று நம்மில் பலர் புலம்பியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவரேதான் 1993ல் 'திருடா திருடா' படத்தில் வாத்தியங்களை அநேகமாக ஒதுக்கிவிட்டு மனிதக் குரல்களை மட்டும் அடுக்கி ஒரு பாட்டு அமைத்தார். அதைப் பாடியவர் சாகுல் ஹமீது. 1990களின் இறுதியில் சாலை விபத்தில் போய்விட்டார். பிறகு 2010ல் 'எந்திரன்' படத்துக்காக ரஹ்மான் தன் குரலையே இயந்திரக் குரலாக்கினார். கதாநாயகனே ரோபோ, யார் ஆட்சேபிப்பார்கள்?

2024 ஜனவரியில் 'லால் சலாம்' படப் பாட்டு வந்தபோது நிலைமை வேறு. அதில் சாகுல் ஹமீதின் குரலும், 2022ல் மறைந்த பம்பா பாக்யாவின் குரலும் கேட்டன. ரசிகர்களில் ஒரு சாரார் பழைய நண்பரைத் தெருமுனையில் பார்த்தது போல மகிழ்ந்தார்கள். இன்னொரு சாரார், உயிரோடு இருக்கும் பாடகர்களுக்கே வாய்ப்பில்லாதபோது இது எதற்கு என்று கேட்டார்கள். இரு குடும்பத்தாரிடமும் அனுமதி பெற்று, உரிய சம்பாவனையும் அனுப்பிவிட்டுத்தான் செய்ததாக ரஹ்மான் தெரிவித்தார். அதன் பிறகு சர்ச்சையின் சூடு கொஞ்சம் அடங்கியது என்பது என் எண்ணம்.

அதே சமயத்தில் எஸ்.பி.பி.யின் குரலை 'கீடா கோலா' என்ற தெலுங்குப் படத்தில் குடும்பத்தைக் கேட்காமல் பயன்படுத்தியதாக அவர் மகன் சரண் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். தொழில்நுட்பத்தின் மேல் அவருக்குக் கோபம் இல்லை. கேட்கவில்லையே என்பதுதான் அவர் புகார். அதே வருஷம் 'வேட்டையன்' படத்தில் மலேசியா வாசுதேவன் குரல் திரும்பி வந்தது. 2011ல் மறைந்தவர். அவர் மகன் யுகேந்திரனும் அந்தப் பாட்டில் பாடியிருக்கிறார். குழந்தை முதல் பாட்டி வரை அதற்கு ஆடினார்கள், மூச்சைப் பற்றி யாரும் கேட்கவில்லை. துள்ளல் பாட்டில் குரல் ஒரு வர்ணம், போதும். மென்மையான பாட்டில் காது ஆளைத் தேடுகிறது. பவதாரிணி பாட்டில் பேரனுக்கு உறுத்தியது அதுதான் என்று நினைக்கிறேன்.

சட்டமும் மெல்ல வந்துகொண்டிருக்கிறது. 2024 ஜூலையில் பாடகர் அரிஜித் சிங்கின் குரலை அனுமதியின்றி இப்படி நகல் செய்யக்கூடாது என்று பம்பாய் ஹைகோர்ட் இடைக்கால உத்தரவு போட்டது. அவர் உயிரோடு இருக்கிறார், கோர்ட்டுக்குப் போனார். மறைந்தவருக்காகப் போக வேண்டியது யார்? குடும்பம் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். நம் குடும்பங்களில் பிள்ளைகள் நால்வர் என்றால் ஒருவர் நங்கநல்லூரில், ஒருவர் இங்கே, இருவர் கடல் தாண்டி. மைலாப்பூர் வீட்டை விற்கவே கையெழுத்து சேராத நாம், அப்பாவின் குரலுக்கு ஒரே மனதாகக் கையெழுத்துப் போடுவோமா? பாடகர் தாமே இருக்கும்போது எழுதிவைத்துவிட்டால் இந்தச் சங்கடம் இல்லை.

சினிமாவில் போனால் ஒரு பாட்டு. நம் சங்கீதத்தில் போவது பாடாந்தரம். ஒரே கிருதியை ஒவ்வொரு சிஷ்ய பரம்பரையும் வேறு வேறு சங்கதியோடு பாடும். அதற்கு இன்று நமக்குப் பிரமாணம் பழைய ஒலிப்பதிவுகளே. நாளைக்கு ஒருவர் மறைந்த மகா வித்வான் ஒருவரின் குரல் நிறத்தைப் பூசி, அவர் பாடாத கிருதியைப் பாடவைத்தால், அடியிலிருக்கும் சங்கதி பூசியவருடையதாக இருக்கும், பேர் வித்வானுடையதாக இருக்கும். பத்து வருஷம் கழித்து டொரன்டோவிலோ சிட்னியிலோ ஒரு குழந்தை அதைக் கேட்டு, இதுதான் அவர் பாணி என்று பாடம் பண்ணும். அதைத் தவறு என்று சொல்ல அப்போது யார் இருப்பார்கள்?

அதனால் ஒரு வேண்டுகோள். ராமநவமிப் பந்தலில், கல்யாணக் கச்சேரியில் டேப் ரிக்கார்டரை மடியில் வைத்துப் பதிவு செய்தவர்கள் இந்தச் சபையிலேயே பலர் இருக்கிறீர்கள். அந்தக் கேசட்டுகளை எந்த ஊர், என்ன தேதி, பிடில் யார், மிருதங்கம் யார் என்று அட்டையில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். சில அட்டைகளில் "கச்சேரி, ரொம்ப ஜோர்" என்று மட்டும் எழுதியிருக்கிறது. பாடினது யார் என்று ஞாபகம் இருக்கும்போதே அதையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.