தராசு சொல்லும் சேதி



சென்னைக் கடற்கரையிலிருந்து மின்சார ரயிலில் தாம்பரம் போகிறவர்களுக்குக் குரோம்பேட்டை தாண்டியதும் ஒரு நிலையம் வரும். தாம்பரம் சானடோரியம். தினமும் அங்கே ஏறி இறங்குகிறவர்களில் பலர் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று யோசித்திருக்க மாட்டார்கள். காசநோய் வந்தவர்களை வீட்டிலிருந்து பிரித்து மாதக்கணக்கில் தங்கவைத்த இடம் அது. 1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து தொடங்கினார். மருந்து கண்டுபிடிக்கப்படாத அந்தக் காலத்தில் நல்ல காற்றும் நல்ல சாப்பாடும் ஓய்வும்தான் வைத்தியம்.

நம் பெரியவர்கள் இந்த நோயை எலும்புருக்கி என்றார்கள். க்ஷயம் என்றும் சொன்னார்கள். க்ஷயம் என்றால் தேய்வது. கிருமி கண்ணுக்குத் தெரியாது. ஆள் தேய்வது தெரியும். அதையே பெயராக வைத்துவிட்டார்கள்.

பிறகு மருந்துகள் வந்தன. ஆனால் நாட்டில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கைக்குச் சானடோரியக் கட்டில்கள் எந்த மூலைக்கு? வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தால் குணமாகுமா என்று பார்க்க, 1956-ல் சென்னையில் ஓர் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் கைகோத்தன. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சிதான்.

யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதைச் சீட்டுக் குலுக்குவது போல முடிவு செய்தார்கள். இரு தரப்புக்கும் ஒரே மாத்திரை, ஒரு வருடம். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு வயிறாரச் சாப்பாடு. எடையும் நன்றாக ஏறியது. வீட்டில் இருந்தவர்களோ நெருக்கடியான குடியிருப்பில், இருந்ததைச் சாப்பிட்டு, முடிந்தபோது வேலைக்கும் போனார்கள். 1959-ல் முடிவு வெளியானது. இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாகியிருந்தன. வீட்டில் நோயாளியோடு இருந்தவர்களுக்கு அதனால் நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. சானடோரியங்களின் காலம் உலகம் முழுக்க முடிவுக்கு வர, சென்னையில் செய்த இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

நேயர்களே, அந்த ஆய்வு சொன்னது ஒன்று. பலர் எடுத்துக்கொண்டது வேறொன்று. ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் ஏழை வீட்டிலும் கிருமி சாகும் என்றது ஆய்வு. 'அப்படியென்றால் சாப்பாடு பெரிய விஷயமில்லை' என்று எடுத்துக்கொண்டார்கள். அதே வீட்டில், அதே பானையிலிருந்து சாப்பிடுகிற மற்றவர்களுக்கு வயிறு நிறைந்தால் நோய் வராமல் தடுக்க முடியுமா? அந்தக் கேள்வியைச் சென்னை ஆய்வு கேட்கவில்லை.

அறுபது வருடம் கழித்து ஜார்க்கண்டில் கேட்டார்கள். மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோர் முன்னின்று நடத்திய 'ரேஷன்ஸ்' ஆய்வு 2019-ல் தொடங்கியது. நமது சேத்துப்பட்டு நிறுவனமும் அதில் பங்கெடுத்தது. 2,800 நோயாளிகள், அவர்கள் வீடுகளில் 10,345 பேர். நோயாளிகளில் ஐந்துக்கு நான்கு பேர் உடலில் சத்தில்லாமல் மெலிந்தவர்கள்.

நோயாளிகள் எல்லோருக்குமே மாதாமாதம் பத்துக் கிலோ பொதி ஒன்று வீட்டுக்குப் போனது. அரிசி, வறுத்த கடலைமாவு, பால்பவுடர், எண்ணெய். கூடவே சத்து மாத்திரை. வித்தியாசம் குடும்பத்தாருக்குத்தான். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போலச் சாப்பிட்டார்கள். பிறகு யாருக்கு நோய் வருகிறது என்று தொடர்ந்து கவனித்தார்கள்.

2023-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவு வந்தது. ரேஷன் கிடைத்த குடும்பத்தாரிடம் காசநோய் 39 சதவீதம் குறைவு. பரிசோதனையில் உறுதியான நுரையீரல் காசநோயை மட்டும் எடுத்தால் 48 சதவீதம் குறைவு. தடுப்பூசியா? இல்லை. புது மாத்திரையா? அதுவும் இல்லை. அரிசியும் பருப்பும்!

நோயாளிகளிடம் இன்னொன்றும் தெரிந்தது. சிகிச்சையின் முதல் இரண்டு மாதத்தில் எடை ஐந்து சதவீதம் கூடியவர்களுக்கு மரண ஆபத்து சுமார் 60 சதவீதம் குறைவாக இருந்தது. நாற்பது கிலோ ஆளுக்கு ஐந்து சதவீதம் என்றால் எவ்வளவு? இரண்டே கிலோ.

தமிழ்நாட்டுக்கு வருவோம். இங்கே 2022-ல் 'காசநோய் இறப்பில்லா திட்டம்' தொடங்கியது. நோய் உறுதியானதும் நர்ஸோ சுகாதாரப் பணியாளரோ சில விஷயங்களை உடனே பார்த்துவிடுகிறார். "செருப்பைக் கழட்டிட்டு இதுல ஏறி நில்லுங்கண்ணே" என்று எடை. சுவரோரம் நிறுத்தி உயரம். விரலில் ஒரு கிளிப் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு. பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா. இதற்குப் பெரிய லேப் வேண்டியதில்லை. உயரத்துக்கேற்ற எடை மிகக் குறைந்தோ, மூச்சு வாங்கியோ, நிற்க முடியாமலோ இருந்தால், மாத்திரையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பாமல் ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். நோய் கண்டுபிடித்த முதல் சில வாரங்களில்தான் இறப்பு அதிகம் என்பதால் இந்த அவசரம்.

சிகிச்சையில் இருப்பவருக்கு மத்திய அரசு உணவுக்கென்று மாதம் கொடுத்துவந்த 500 ரூபாய் 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாயாகியிருக்கிறது. நல்லது. ஆனால் நம் வீடுகளில் யாரும் தனிப் பானையில் சமைப்பதில்லை. நோயாளிக்கென்று வாங்கிய முட்டையில் பாதி பிள்ளையின் தட்டுக்குப் போகும். போகட்டும். அந்தப் பிள்ளைக்கும் நல்ல சாப்பாடு வேண்டும் என்றுதானே ஜார்க்கண்ட் ஆய்வு சொல்கிறது.

உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ யாராவது காசநோய்க்கு மருந்து சாப்பிட்டால், 'மாத்திரை போட்டாச்சா?' என்று கேட்பீர்கள். கட்டாயம் கேளுங்கள், ஒருநாளும் விடக்கூடாது. அதோடு, 'போன மாசத்துக்கு இந்த மாசம் எடை எவ்வளவு ஏறியிருக்கு?' என்றும் கேளுங்கள். ஏறவில்லை என்றால் அடுத்த மாதம் வரை காத்திருக்காமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.