மரத்தின் எல்லையும் மனிதனின் பிழைப்பும்

(சிதம்பரத்தில் விவசாயத் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

இமயமலையில் ஓர் உயரத்துக்கு மேல் மரம் கிடையாது. புல்லும் பாறையும் பனியும்தான். குளிரில் கன்று வளர நாள் போதாது. அந்த இடத்தை மரத்தின் எல்லை என்கிறது விஞ்ஞானம். பூமி சூடேறுவதால் பல இடங்களில் அந்த எல்லை மேலே நகர்ந்து வருகிறது. ஆனால் மலை உச்சி வரைதான் மரம் ஏற முடியும்; அதற்கு மேல் ஆகாயம்தான்.

"நம் ஜில்லாவின் இந்தக் கடற்கரையில் மலை ஏது?" என்று கேட்பீர்கள். மலை இல்லை, மரத்தின் எல்லை உண்டு. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, சுமார் 1,100 ஹெக்டேரில் பிச்சாவரம் காடு நிற்கிறது. அங்கே எல்லை போடுவது குளிர் அல்ல, உப்பு. ஓடைக் கரையில் சுரபுன்னை, அதன் பின்னே உப்பை அதிகம் தாங்கும் வெண்கண்டல், கரைப்பக்கம் தில்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த மரம் அதுதான்.

1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. வேகமும் கூடி வருகிறது. கடல் ஏறும்போது இந்த மரங்கள் பிழைக்க இரண்டு வழி உண்டு. வேரில் வண்டலைப் பிடித்துத் தரையை உயர்த்திக்கொள்ளும். அல்லது கரைப்பக்கம் நகரும். இரண்டு வழியும் இன்று அடைபடுகின்றன. வண்டல், 1934இல் முடிந்த மேட்டூர் அணை போன்ற அணைகளில் தங்கிவிடுகிறது. கொள்ளிடத்தில் வெள்ளக் காலத்தில்தான் நல்ல தண்ணீர் கடல் வரை போகிறது. பின்னால் நகரலாமென்றால் வரப்பும் கரையும் இறால் குட்டையும் மறிக்கின்றன.

காடு போனால் யாருக்கு நஷ்டம்? 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தது. கடலூர் ஜில்லாவில் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிச்சாவரம் காட்டுக்குப் பின்னே இருந்த குடியிருப்புகள் பெரும் சேதமின்றித் தப்பின. ஆற்று முகத்துவாரத்தில் திறந்து கிடந்தவை அழிந்தன. தூரமும் மேடும் உதவின என்பது உண்மை. மரமும் உதவியது என்பதும் உண்மை. ஓடையில் கையால் இறால் தடவிப் பிழைக்கும் இருளர் குடும்பங்களுக்கு அந்தக் காடுதான் வயல்.

உப்பு உள்ளே வந்தால் நடவு போகும். நிலம் வைத்திருப்பவன் குட்டைக்குக் குத்தகை விட்டுப் பணம் பார்ப்பான். நாற்று நட்டவளுக்கும் கதிர் அறுத்தவனுக்கும் கூலி எங்கே? 1996 டிசம்பர் 11இல் உச்ச நீதிமன்றம் கடற்கரை இறால் பண்ணைகளைப் பற்றிச் சொன்ன தீர்ப்பு, இந்தக் கேள்வியை நாடு முழுவதும் எழுப்பியது.

இது விதியா? இல்லை. வெள்ளைக்காரன் காலம் முதல் பல பத்தாண்டுகள் பிச்சாவரத்தில் மரங்களை வரிசையாக மொட்டையடித்தார்கள். வெயில் பட்ட சேறு அமுங்கிப் பள்ளமாயிற்று, தேங்கிய நீரில் உப்பு ஏறியது, மரம் முளைக்கவில்லை. 1990களில் வனத்துறையும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊராருடன் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டினார்கள். கடல் நீர் ஏறி இறங்கியது, உப்பு குறைந்தது, காடு திரும்பியது. மண்வெட்டி பிடித்த கைகள் செய்த காரியம் இது!

பூமியைச் சூடேற்றியது கரியையும் எண்ணெயையும் எரித்து லாபம் குவித்தவர்கள். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டும் தொழிலாளி அல்ல. எரிபொருள் மாறும் நாளில் அவன் வேலைக்கு உத்தரவாதம் வேண்டும்.

ஆகவே நாம் கேட்பவை இவை: கொள்ளிடத்தில் கடல் வரை நல்ல தண்ணீர் விடு! காட்டுக்குப் பின்னே மரம் நகர இடம் விடு. அந்த இடம் ஏழையின் குடிசையைப் பறித்து வரக்கூடாது! வாய்க்கால் வெட்டும் வேலையை நியாயமான கூலியுடன் எங்களுக்குக் கொடு! இருளர் மக்களின் மீன்பிடி உரிமையைக் காப்பாற்று!

மரத்தால் மனுக் கொடுக்க முடியாது. நம்மால் முடியும், தோழர்களே! ஆலையும் வயலும் ஒன்றுபட்டு நிற்போம்!